ஆடிக் கடைசி வெள்ளியின் பச்சை

முதலில் அந்தக் காராச்சேவு எடுத்துக்கொள்ளுங்கள் சார். சாத்தூரிலிருந்து காலையில்தான் வந்தது. காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், டீயோடு சேர்த்தால் சரியாகிவிடும். பெங்களூரிலிருந்து ரயிலேறி, விருதுநகரில் இறங்கி, டவுன் பஸ்ஸில் ஆமத்தூர் வரைக்கும் குலுங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வெறும் வயிற்றோடு யாரையும் விசாரிக்கக் கூடாது. வாசலில் உங்கள் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்களே, அதற்கு வருத்தப்படாதீர்கள். பட்டாசுக் கம்பெனிக்குள் அதற்கு அனுமதி இல்லை. எனக்கும் இந்த மேசை மேல் இருக்கிற பழைய தொலைபேசிதான்.

உங்கள் கேள்வி சின்னக் கேள்விதான். முந்தின வருஷம் ஆடிக் கடைசி வெள்ளியன்று சாயங்காலம் என் கம்பெனியில் பச்சை வெளிச்சம் எரிந்ததா, இல்லையா. எரிந்தது என்றால் பேராசிரியை எவாஞ்சலின் பித்தலாட்டக்காரி என்று கல்லூரி எழுதி வைத்தது அப்படியே நிற்கும். எரியவில்லை என்றால் அவள் கண்டது நிசம். வேலை, பேர், மரியாதை எல்லாம் திரும்ப வரும். ஒரு சொல்லில் நான் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு சொல்லில் சொன்னால் என்னைக் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டு ரயிலேறிவிடுவீர்கள். செல்வலட்சுமி எப்படிப்பட்டவள் என்று இந்த ஆமத்தூரில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். நல்லதாகத்தான் சொல்வார்கள்.

எவாவும் நானும் விருதுநகரில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்ச். அவள் அப்பா கணக்கு வாத்தியார், அம்மா நர்ஸ். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக் கேக் எங்களுக்கு வரும், தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பட்டாசு அவர்களுக்குப் போகும். எவாவுக்குச் சத்தம் ஆகாது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்து, "வெடி வேண்டாம்டி, கலர் மட்டும் குடு" என்பாள். கலர் மட்டும் கேட்டு வளர்ந்த பெண், வானத்தைப் படிக்கப் போனதில் ஆச்சரியம் இல்லை. நான் அப்பாவின் கம்பெனியில் உட்கார்ந்தேன். கல்யாணம் எனக்கு அமையவில்லை. அவளுக்கு அதற்கு நேரமே அமையவில்லை. விருதுநகரிலேயே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்து வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தால் நேராக என் வீடு. நான் வைக்கிற மீன் குழம்பில் குறை சொல்லிக்கொண்டே சட்டியைக் காலி பண்ணுவாள். எங்கள் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் போய்ச் சேர்ந்த பிறகு, அவளுக்கு நான், எனக்கு அவள்.

பேரியத்துக்குக் கோர்ட்டு தடை போட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பேரியம்தான் பட்டாசில் பச்சை. அன்றைக்கு இந்தப் பக்கம் தலையில் கை வைக்காத முதலாளி கிடையாது. சந்தோஷப்பட்ட ஒரே ஆள் எவா. அல்வா வாங்கிக்கொண்டு வந்தாள் சார், எழவு வீட்டுக்கு அல்வா வாங்கி வருகிற மாதிரி!

"செல்வி, இனிமே உங்க வானத்துல பச்சை கிடையாது. எனக்கு வேண்டிய பச்சை மட்டுந்தான் இருக்கும்."

அப்புறம்தான் விவரம் சொன்னாள். எங்கோ தொலைவில் ஒரு விண்மீன் மண்டலம். அதன் நடுவில் ஒரு பெருத்த கருந்துளை. அதற்குள் விழப் போகிற சரக்கு உடனே விழுந்துவிடாதாம். சுற்றிச் சுற்றி, உரசி, கொதித்து, மண்டலம் முழுக்கத் தெரிகிற மாதிரி ஒளியைக் கக்கிவிட்டுத்தான் விழுமாம். அந்த ஒளி சுற்றியிருக்கிற வாயுவின் மேல் பட்டு, அணுக்களிடமிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிவிடும். பிடுங்கப்பட்ட ஆக்சிஜன் தனக்கென்று ஒரு பச்சையில் ஒளிரும். நீங்களும் வானம் படிக்கிறவர், உங்களுக்குத் தெரியாததா, நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அந்தப் பச்சைய உன் கம்பெனியில செய்ய முடியாதுடி. இங்கன எங்கயுமே முடியாது. காத்தே இல்லங்கிற அளவுக்கு அம்புட்டு மெலிசா இருந்தாத்தான் அது ஒளி விடும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. தாத்தா காலத்திலிருந்து பச்சை விற்கிற குடும்பம் நாங்கள். ஆனால் அவள் சொன்ன இன்னொன்றும் மனதில் நின்றது. அந்த மண்டலம் நம்மை விட்டு ஓடிக்கொண்டிருப்பதால், அதன் பச்சை கொஞ்சம் மஞ்சள் பக்கமாக நகர்ந்து வருமாம். நகர்ந்து வந்து எங்கே நிற்கிறது என்றால், எங்கள் பேரியம் பச்சைக்குப் பக்கத்து வீட்டில்.

பட்டாசுக் கம்பெனி மாதிரி இருட்டான இடம் வேறு கிடையாது. ஷெட்டுகளுக்குக் கரண்ட் இல்லை, பொழுது சாய்ந்தால் வேலை இல்லை. வேலியை ஒட்டி எங்கள் கரிசல் நிலம் சும்மா கிடந்தது. அதில் தொலைநோக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். நீங்கள் வரும்போது வெள்ளையாக ஒரு குமிழ் பார்த்தீர்களே, அதுதான். அவள் விருதுநகரில் தன் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலிருந்தே அதை ஓட்டுவாள். எங்களுக்குள் ஒரே ஒரு ஏற்பாடு. சாயங்காலம் ஆட்கள் போன பிறகு எங்கள் போர்மேன் அய்யாதுரை அன்றைய சரக்கில் சாம்பிள் கொளுத்திப் பார்ப்பார். அந்த வெளிச்சமும் புகையும் அவளுக்குத் தொந்தரவு. அதனால் இந்தத் தொலைபேசியில் கூப்பிடுவாள்.

"செல்வி, மண்டலத்துக்குத் திறந்துட்டேன். எதையும் கொளுத்திறாதீக."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப பக்கத்துல வெறும் வானத்த எடுக்கேன், இன்னும் செத்த பொறு" என்பாள். முதல் படத்திலிருந்து இரண்டாவது படத்தைக் கழித்தால் ஊர் வெளிச்சம் போய், மண்டலத்தின் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். கடைசியில், "முடிஞ்சுது, இனி உன் பாடு." அதன் பிறகுதான் அய்யாதுரை தீப்பெட்டியைத் தொடுவார். இப்படித்தான் நடந்தது, வருஷக்கணக்காக.

அவள் தேடியது ஒரு காற்றை. கருந்துளையின் ஒளி அந்த வாயுவை வெளியே தள்ளி அடிக்குமாம். அப்படி அடித்தால், மண்டலத்து ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும்போது விழுகிற பச்சைக் கோட்டின் ஓரத்தில் ஒரு தோள் மாதிரி புடைப்பு வரும். வரவில்லை. அமைதியான மண்டலம் என்று மற்றவர்கள் எழுதி வைத்ததுதான் சரி என்று ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பைக் குறை சொல்லாமல் சாப்பிட்டாள்.

"சிலியில பெரிய தொலைநோக்கி இருக்குல்லா, அங்கன ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். இங்க ஒண்ணும் அகப்பட மாட்டேங்குதுடி."

நான் சந்தோஷப்பட்டேன் சார். உண்மையாகவே பட்டேன். அவளுக்காகப் பாயசம் வைத்தேன், முந்திரி கூட வறுத்துப் போட்டேன். அவள் கிளம்பிய பிறகு பாத்திரங்களை எல்லாம் நானே கழுவினேன். கழுவி முடித்தபோது என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

தடை வருவதற்கு முன்னால் செய்த பச்சைப் பூச்சட்டி, நீங்கள் புஸ்வாணம் என்பீர்கள், கொஞ்சம் என் குடோன் மூலையில் இருந்தது. அழித்திருக்க வேண்டும், அழிக்கவில்லை. அது ஒரு குற்றம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் எவா கூப்பிட்டு, "திறந்துட்டேன்" என்றாள். "சரிடி" என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டு அய்யாதுரையைக் கூப்பிட்டு, வேலியோரம் அந்தப் பூச்சட்டிகளைக் கொளுத்தச் சொன்னேன்.

"அம்மா, இது பழைய சரக்குல்லா? தடை ஆச்சே, என்ன சொல்றீக?"

"அழிக்கத்தான் வேணும். கொஞ்சங் கொஞ்சமா எரிச்சு அழிச்சிருவோம். நான் சொல்ற நேரத்துல கொளுத்துங்க, போதும்."

நல்ல மனுஷன், தலையாட்டினார். பூச்சட்டி சத்தம் போடாது. பச்சையாகப் பொங்கி, புகை மேலே போய், குமிழின் திறப்புக்கு நேராக மிதந்தது. பார்க்க அவ்வளவு அழகு. அவள் "வெறும் வானம்" என்றதும் மண்ணைப் போட்டு அணைக்கச் சொன்னேன். இரண்டாவது படத்தில் பச்சை இல்லாவிட்டால் கழித்தலில் அது கழியாது பாருங்கள்.

மறுநாள் எவா கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஆட்டோக்காரருக்கு மீதி வாங்கக்கூட நிற்கவில்லை. இதே அறையில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். எங்கள் வயதுக்கு அது நன்றாகவா இருக்கும்? ஆனால் நன்றாக இருந்தது.

"தோள் வந்துருச்சு செல்வி! அது அமைதியான மண்டலமே இல்ல. காத்து அடிக்குது!"

சிலிக்குப் போட்டிருந்த விண்ணப்பத்தை அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டாள். அவளுக்கு நான் எத்தனையோ பிறந்த நாளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எதற்கும் அவள் முகம் அப்படி மலர்ந்ததில்லை. ஒரு பூச்சட்டியின் விலை என்ன இருக்கும், சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவள் திறக்கும்போதெல்லாம் எரித்தேன். அவளும் எச்சரிக்கையான பெண்தான். "யாரும் எதையும் கொளுத்தலயே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "உனக்காக உலகமே இருட்டாக் கெடக்குடி" என்பேன். சிரிப்பாள்.

கல்லூரிக்காரர்களும் குளிர்ந்துபோய் அவளுக்குப் புதுக் கேமரா ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். பழையதைவிட மங்கலான வெளிச்சத்தையும் பிடிக்கிற கேமரா. அந்தக் கேமரா வந்ததற்கு நான்தான் காரணம். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், கெட்டதை மட்டும் எழுதினால் எப்படி?

அவள் கட்டுரை வெளியானது. பாராட்டு வந்தது. அதோடு நான் எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது. அதே சிலிக்காரர்கள் அவளை அவர்களாகவே அழைத்தார்கள். பெரிய தொலைநோக்கியில் அந்தக் காற்றைப் பார்க்க வேண்டுமாம், அவள் வந்து கூட இருந்து நடத்த வேண்டுமாம். எவா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் வந்துருடி, கம்பெனிய வித்துரு" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். விளையாட்டு என்பது தெரிந்த பிறகு எப்படிப் போக முடியும்?

ஆகவே நான் கல்லூரியில் போய்ப் பேசினேன். மெதுவாக, மரியாதையாக. "எங்க போர்மேன் எனக்குத் தெரியாம பழைய பச்சைப் பூச்சட்டி வச்சிருந்திருக்கார். பேராசிரியை திறக்கிற நேரத்துல கொளுத்தியிருக்கார். கேட்டதுக்கு, அந்த அம்மாவே கொளுத்தச் சொன்னாங்கன்னு சொல்றார்" என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் ரொம்ப யோசித்தேன். தெரியாமல் நடந்த பிசகு என்று விட்டிருந்தால் அவளை மன்னித்திருப்பார்கள். சிலிக்காரர்களும் மன்னித்திருப்பார்கள். இந்தத் தொழிலில் நுனி நனையாமல் விட்டுப்போனால் திரி மறுபடி பற்றும் சார். முழுதாக நனைத்துவிட வேண்டும்.

விசாரணைக் குழு வைத்தார்கள். எவா அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "ஆடிக் கடைசி வெள்ளிக்கு இந்தக் கம்பெனி பூட்டிக் கிடக்கும். ஊரே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் இருக்கும். அன்றைக்கும் எனக்குத் தோள் வந்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" நல்ல கேள்வி. குழு என்னைக் கேட்டது. அய்யாதுரை அன்றைக்கு வேனில் சீக்கிரமே திரும்பி வந்து கொளுத்தினார் என்று நான் சொன்னேன். அவரை அவர்கள் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அதற்குள் அவர் திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். "உடம்பு முடியலயே உங்களுக்கு, பேரப் புள்ளைகளோட இருங்க" என்று சொல்லி நானேதான் மாலை போட்டு அனுப்பி வைத்தேன். தன் பேரில் இப்படி ஒரு கதை இருப்பது அவருக்கு இன்றைக்கும் தெரியாது. பொங்கலுக்குப் பேசினார், "எவா டீச்சர் சௌக்கியமா இருக்காகளா?" என்று கேட்டார். எவா அவர் பேரைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறாள். "குடிச்சிட்டு விளையாடிருக்கான் பாவி, உன் பேரயும் இழுத்து விட்டுட்டான்" என்று நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அய்யாதுரை பீடிகூடத் தொட்டதில்லை.

டீ ஆறிவிட்டது சார், வேறு கொண்டு வரச் சொல்லட்டுமா?

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சிலியில் இருக்கிற உங்கள் பெரிய தொலைநோக்கி கடைசியில் அவள் இல்லாமலே அந்த மண்டலத்தைப் பார்த்துவிட்டது என்கிறீர்கள். அதில் ஒரு தோள் தெரிகிறது. எவா எடுத்த மற்ற நாள் படங்களோடு அது ஒட்டவில்லை, அந்த ஒரே வெள்ளிக்கிழமைப் படத்தோடு மயிரிழை பிசகாமல் ஒட்டுகிறது என்கிறீர்கள். எனக்கு அது புதுச் செய்தி இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் இருக்கன்குடியில் இருந்தேன். கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் அங்கேதான். காவல்காரர்கூட வந்துவிட்டார். ஆற்று மணலில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அய்யாதுரை எனக்கு முன்னால் அக்கினிச் சட்டி ஏந்திப் போய்க்கொண்டிருந்தார். பொழுது அடைந்து வெகு நேரம் வரைக்கும் நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். குடோன் சாவி என் இடுப்பில் இருந்தது. எதுவும் எரியவில்லை சார். ஒரு மத்தாப்புக் குச்சிகூட எரியவில்லை.

மறுநாள் எவா வந்து, "நேத்து உன்னக் கூப்பிட்டேன், நீ எடுக்கல. பூட்டிருக்கும்னு தெரியும், நானே எடுத்துட்டேன்" என்றாள். "தோள் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. கொஞ்சம் ஒல்லியா இருந்துச்சு. ஆனா செல்வி, இம்புட்டுச் சுத்தமா ஒருநாளும் வந்ததில்ல."

பழைய கேமராவுக்குச் சிக்காததைப் புதுக் கேமரா பிடித்துவிட்டது. மெலிந்த பச்சை, பூமியில் யாரும் செய்ய முடியாத பச்சை. அது அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்னபடியே இருந்தது. அன்றைக்கு எனக்கு அவளை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் நான் பக்தியில் உருகிப்போய் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் எரித்தேன். முன்னைவிடக் கூடுதலாகவே. ஏன் என்று கேட்பீர்கள். என் பச்சையை எப்போது வேண்டுமானாலும் நான் அணைத்துவிடலாம். அந்தப் பச்சையை என்னால் அணைக்க முடியாது. அதன் மேல் என்னுடையதைப் போட்டு மூடித்தான் வைக்க முடியும்.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? நான் சொன்னதை எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவேனா என்று கேட்கிறீர்கள். அதற்கென்ன, சீசன் முடியட்டும். தீபாவளி லோடு எல்லாம் போகட்டும். அவசரம் என்ன வந்தது? அந்தக் காற்று எத்தனை யுகமாக அடித்துக்கொண்டிருக்கிறதாம், இன்னும் கொஞ்ச நாள் அடிக்கும். நீங்களாக வெளியே போய்ச் சொன்னால், சேவு சாப்பிட வந்தார், சாப்பிட்டுவிட்டுப் போனார் என்பேன். எவாவே உங்களை நம்ப மாட்டாள். ஊரே அவளை ஏசிய நேரத்தில், கல்லூரி வாசலில் ஆட்டோவோடு போய் நின்று வீட்டுக்குக் கூட்டி வந்தவள் நான்தானே? இப்போது என் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். என் கம்பெனியில்தான் கலர் பார்க்கிறாள். பேரியம் இல்லாமல் ஒரு பச்சை கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

இதோ, அவள் செருப்புச் சத்தம். முகத்தைக் கொஞ்சம் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"செல்வி, சாப்பாடு ஆறிப்போகுது. ஓ, ஆள் இருக்காகளா? வாங்க சார். ஆர்டர் விஷயமா வந்தீகளா?"

"ஆமாடி, பெங்களூர்ப் பார்ட்டி. நவநீதகிருஷ்ணன் சார். சேவு பிடிச்சிருக்கான்னு கேளு."

"அம்புட்டும் அப்படியே இருக்கே! காரமோ? சாப்பிட்டுட்டுப் போங்க சார், மீன் குழம்பு. சுமாராத்தான் இருக்கும், இவ வச்சது."

பார்த்தீர்களா? உங்களைப் பார்த்துச் சிரித்தாள், குழம்பைக் குறை சொன்னாள், போய்விட்டாள். வந்த புதிதில் பேசவே மாட்டாள். இப்போது எவ்வளவு தேறிவிட்டாள்! சிலியில் இவளுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள், குறை சொன்னால் பொறுத்துக்கொள்ள? சாயங்காலம் வேலை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் அந்த வேலியோரமாகத்தான் வீட்டுக்கு நடக்கிறோம். வழியெல்லாம் பேச்சுத்தான். மேலே நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். அவள் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை சார், என்னோடு இருப்பதில் அவளுக்கு அவ்வளவு நிம்மதி.